தேய்ந்த டயரின் வாக்குமூலம்

மோட்டார் வைத்திருக்கும் அன்பர்கள் பலர் வண்டியைக் கண்ணாடிபோல் துடைத்து வைத்திருப்பதை நாம் காண்கிறோம். டயரைக் குனிந்து பார்ப்பவர்தாம் அரிது. அது தேய்ந்தால் புதிது வாங்கி மாட்டுகிறார்கள். சில மாதங்களில் அதுவும் அதே இடத்தில் தேய்கிறது. குறை டயரில் இருந்தாலன்றோ டயரை மாற்றினால் தீரும்?

எங்கும் ஒரு சீராகத் தேய்வது வயதின் அடையாளம். ஓரிடம் மட்டும் தேய்வது நோயின் அடையாளம். 1888-ல் பெல்பாஸ்ட் நகரத்து டன்லப் துரை காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்ற நாள்தொட்டு அதன் உயிர் காற்றிலேதான் இருக்கிறது. நடுப்பாகம் வழவழத்து விளிம்புகள் பிழைத்திருந்தால் காற்று மிகுதி. இரு விளிம்பும் தேய்ந்து நடு பிழைத்திருந்தால் காற்றுப் போதாது. உரிய அளவு, பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுபவர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிறது. டயரின்மேல் பொறித்துள்ள எண் உச்சவரம்பு மட்டுமே. அளப்பது காலையில், வண்டி ஓடுமுன். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடுதலாகவே காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுபவர் மறுநாள் குறைக் காற்றோடு புறப்படுகிறார்.

ஒரு விளிம்பு மட்டும் தேய்வதே வஞ்சகமானது. அதிலும் உள்விளிம்பு தேய்ந்தால், வெளியே நிற்பவருக்கு டயர் புதிதுபோலவே தோன்றும். உள்ளேயோ ரப்பர் போய்க் கம்பி இழை தலைகாட்டும். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பினால் முன்சக்கரத்தின் உட்புறம் புலனாகும். பின்சக்கரத்துக்குத் தரையில் குனியத்தான் வேண்டும். வேட்டி அழுக்காகுமே என்று தயங்குவோருக்கு நம்மிடம் மருந்து இல்லை.

சக்கரம் செங்குத்தாக நில்லாமல் சாய்ந்திருப்பது இதற்கு ஒரு காரணம். இரு சக்கரங்களும் நேரே நோக்காமல் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்பது இன்னொன்று. பின்னதைக் கையே கண்டுபிடிக்கும். கம்பி தெரியாத டயராயின், உள்ளங்கையால் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பப் பல்போல் உறுத்தினால் சந்தேகமில்லை. பள்ளத்தில் விழுந்த ஓர் அடி போதும், இந்தக் கோணங்கள் கெடுவதற்கு. வர்ணம் பூசாத வேகத்தடைகளும் நம் சாலைகளில் குறைவில்லை. பட்டறையில் வீல் அலைன்மெண்ட் செய்யச் சொல்லுமுன், புஷ், பால் ஜாயிண்ட் ஆகியவை ஆடுகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆடும் மூட்டில் திருத்திய கோணம் நிலைப்பதில்லை.

இடைவெளிவிட்டுக் குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்து சக்கரம் துள்ளுகிறது என்றோ, சக்கரத்தின் சமநிலை தவறியது என்றோ கொள்ளலாம்.

ஏறக்குறைய 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றுவது நல்ல வழக்கமே. ஆனால் நோயைத் தீர்க்காமல் இடம் மாற்றினால், ஒரு டயரைத் தின்ற கோளாறு நான்கையும் தின்னும் என்பது நமது அபிப்பிராயம்.

டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் உண்டு. அவற்றின் உயரம் 1.6 மி.மீ. ஓரிடத்திலேனும் ரப்பர் அம்மேட்டின் மட்டத்துக்கு இறங்கியிருந்தால் அந்த டயர் கழிக்கத்தக்கது. மழைச்சாலையில் நீர் விலக வழியின்றி அது மிதக்கும். அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் பேச்சுக் கேளா. ஐப்பசி மழை தொடங்குமுன் குழந்தைகளோடு ஊருக்குப் புறப்படும் குடும்பத்தார் நான்கு டயர்களையும், ஸ்டெப்னியையும் சேர்த்து, உட்புறம் வரை பார்த்துவிட்டு ஏறட்டும்.