பழி விழுந்த நட்சத்திரம்

உப்புத்தண்ணித் தொட்டியில முருகைக்கல் வளர்க்கிற பொடியன்மார் பலருக்கு அஸ்டரினா எண்டாலே ஆகாது. ஒரு சென்டிமீட்டர் வரும் சின்ன நட்சத்திர மீன். தன்னைத்தானே பிய்ச்சு ரெண்டாகிப் பெருகும். வெளுத்துப்போன முருகையில இது ஒட்டியிருந்தா உடனே தீர்ப்பு: இதுதான் திண்டது! காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. இதுகளில் பெரும்பாலானவை மேய்வது பாசிப் படலத்தை. செத்த முருகையில் பாசி ஏறும். பாசி இருக்கிற இடத்துக்கு இதுவும் வரும்.

இந்தக் கெட்ட பேர் வந்தது பெரிய சொந்தக்காரனால எண்டு நினைக்கிறன். 1970களின் தொடக்கத்தில் நம்ம கிழக்குக் கடலில், திருகோணமலைப் பக்கம் பெருகி முருகைகளை அழிச்சது முட்கிரீட நட்சத்திர மீன். அதில் ஒண்டே வருஷத்துக்குப் 10 சதுர மீட்டர் வரை திண்டு தீர்க்கும். அது வேற, இது வேற.

ஆனா, அஸ்டரினாவில சில வகை ஸோவாந்திட்டைக் கடிக்கிறதும் உண்மைதான். முதல்ல தண்ணியின் உப்பையும் சூட்டையும் அளங்க. பிறகு ராவையில டோர்ச் அடிச்சுப் பாருங்க. நல்ல சதையிலயே திரும்பத் திரும்ப வந்திருந்து, காலையில அந்த இடத்தில புண் தெரிஞ்சா, கையால பொறுக்கி எடுங்க. இதுக்கெண்டு ஹார்லிகுயின் இறால் வாங்கிப் போடுறது மட்டும் வேணாம். அதுக்கு நட்சத்திர மீனைத் தவிர வேற சாப்பாடு இல்ல. தொட்டியில அது முடிஞ்சா இறால் பட்டினிதான்.