ஊர்ப் பிரச்சினை அல்ல, சங்கப் பிரச்சினை

டெல்டாவில் ஒரு நடுநிலைப் பள்ளி. தலைமையாசிரியர் இடம் காலி. பதவி உயர்வுகள் வழக்கில் முடங்கிக் கிடந்ததால், பணிமூப்பில் முன்னால் நின்ற தலித் ஆசிரியைக்குப் பொறுப்பு வந்தது. அந்த வாரமே குடியானத் தெருவிலிருந்து நாலு பேர் வந்து, "பொறுப்பை அந்த சாருகிட்ட குடுத்துடுங்க டீச்சர், ஊருக்கு நல்லது" என்றார்கள். 'அந்த சார்' பணியில் அவருக்குப் பத்தாண்டு இளையவர். சக ஆசிரியர்களோ வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடக்கூட அவர் அறைக்கு வருவதில்லை.

அவர் சங்கத்திடம் போனார். இருபது ஆண்டு சந்தா கட்டியவர். உடன் போன எங்கள் காதிலேயே பதில் விழுந்தது: "இது ஊர்ப் பிரச்சினை. சங்கம் தலையிட்டால் பிளவு வரும்."

யாருடைய ஊர்? எந்த ஒற்றுமை?

பொறுப்புத் தலைமையாசிரியர், உதவித் தலைமையாசிரியர், ஆசிரியர் பயிற்றுநர், விடுதிக் காப்பாளர் என்று இடையில் மாட்டிக்கொண்ட ஒரு கூட்டம் கல்வித்துறையில் இருக்கிறது. மேலே அதிகாரி கேள்வி கேட்பார். கீழே சக ஆசிரியர் சொன்னதைக் கேட்கமாட்டார். வேலை முழுசு, அதிகாரம் அரைகுறை. அந்த நாற்காலியில் தலித் உட்கார்ந்தால் அந்த அரைகுறையும் போய்விடுகிறது.

சங்கங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தத்தில் ஆசிரியர்கள் கைதானார்கள், பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். சங்கம் கூடவே நின்றது. பழைய ஓய்வூதியம் நியாயமான கோரிக்கை. அதில் நாங்களும் உங்கள் பக்கம்தான். ஆனால் ஓய்வூதியத்துக்குக் கிடைக்கும் தோள், சாதி இழிவுக்கு ஏன் கிடைப்பதில்லை?

இந்த மண்ணில் சங்கம் எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 1943இல் மன்னார்குடி அருகே தென்பரையில் விவசாயிகள் சங்கம் கட்டப்பட்டபோது, கூலியோடு சேர்த்து எழுந்த கோரிக்கை சாணிப்பாலையும் சவுக்கடியையும் ஒழிப்பது. கட்டியவர்களில் முன்னணியில் நின்ற பி. சீனிவாசராவ் கன்னடம் பேசும் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் அதைச் 'சேரிப் பிரச்சினை' என்று ஒதுக்கவில்லை. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதும் சங்கக் கொடியை இறக்க மறுத்ததற்காகத்தான். அப்படிப்பட்ட டெல்டாவில் நின்றுகொண்டு சாதியைப் பேசினால் சங்கம் உடையும் என்கிறீர்கள். இங்கே சாதியைப் பேசித்தான் சங்கமே உருவானது.

நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஒரு பகுதியின் ஆதிக்கச் சாதியினரை அங்கேயே உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக அமர்த்தக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நல்லது. அப்படியானால் அந்த நாற்காலிக்கு வருபவர், அந்த ஊரில் ஆள்பலம் இல்லாதவராகத்தான் இருப்பார். அவருக்குப் பக்கத்தில் யார் நிற்பது? அரசாணை நிற்காது. சங்கம்தான் நிற்க வேண்டும்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. சாதிப் புகாரை விசாரிக்க ஒவ்வொரு மாவட்டக் கிளையிலும் தலித் பெண்கள் பெரும்பான்மையாக உள்ள குழு வேண்டும். புகார் கொடுப்பவரோடு கல்வி அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் சங்கப் பொறுப்பாளர் நேரில் வர வேண்டும். புகார் கொடுத்தவரையே 'நிர்வாக மாறுதல்' என்று தூக்கியடித்தால், அன்றே சங்கம் தெருவுக்கு வர வேண்டும். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சந்துரு குழு அறிக்கையும் இடம்பெற வேண்டும்.

அந்த ஆசிரியை பொறுப்பை விட்டுக்கொடுக்கவில்லை. தினமும் காலையில் போய் அலுவலக அறையைத் திறக்கிறார். பதிவேடு அவர் மேசைமேல் இருக்கிறது. சங்கத் தோழர்களே, ஒரு நாள் காலையில் அந்தப் பள்ளிக்கு வாருங்கள். அவர் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். ஊர் பார்க்கட்டும்.