புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மகளுக்கு வேலையா?



சென்ற மாதம் மருதமுனையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கைத்தறி நெய்து பிள்ளைகளை ஆளாக்கிய தாய் அவர். 2006ஆம் ஆண்டு வியாபாரத்துக்கென்று புறப்பட்ட கணவர் திரும்பி வரவில்லை. மூத்த மகள் சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பீடத்தில் படித்து, உயிரியலில் பட்டம் பெற்றிருக்கிறாள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. கொழும்பில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில், நோயாளர் விபரங்களைப் பதிந்து வழிகாட்டும் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்திருந்தது.

கடிதத்தை என் கையில் தந்துவிட்டு அந்தத் தாய் கேட்டார்: "கென்சர் ஆஸ்பத்திரியில வேலை செஞ்ச புள்ளைய நாளைக்கு ஆரு தங்கச்சி கலியாணம் முடிப்பாங்க?"

மகள் ஒன்றும் பேசாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதனால் அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் பயத்தைப் பார்ப்போம். புற்றுநோய் தொற்றுநோய் அல்ல. நோயாளியைத் தொடுவதாலோ, அவரோடு இருந்து சாப்பிடுவதாலோ வராது. கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம் தடித்த கொங்கிரீட் சுவர்களுக்குள் இருக்கும். ஊழியர்கள் வெளியே இருந்துதான் அதை இயக்குவார்கள். உடம்பில் படும் அளவைக் கணக்கிடும் ஒரு சிறு அட்டையையும் உடையில் அணிந்திருப்பார்கள். கர்ப்பமானால் உடனே மேலதிகாரியிடம் சொல்லி வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். பதிவு வேலை செய்பவருக்கு அந்த அறைக்குள் போகும் தேவையே இல்லை.

அந்தத் தாயிடம் கடலுக்கு அப்பால், சென்னையில் நடந்த ஒன்றையும் சொன்னேன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய முயற்சியால் 1954இல் அடையாறில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியது. அப்போது அங்கே இருந்தவை 12 கட்டில்கள்தான். அடுத்த வருடம் டாக்டர் சாந்தா என்ற இளம் பெண் அங்கே சேர்ந்தார். பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அரசாங்க வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு இங்கே வந்தது பலருக்குப் பிடிக்கவில்லை. முதல் மூன்று வருடங்கள் சம்பளமே இல்லை. பிறகு மாதம் 200 ரூபாய். அந்த வளாகத்திலேயே வாழ்ந்த அவருக்கு 2005இல் மகசேசே விருது கிடைத்தது. 2021இல் தனது 93ஆவது வயதில் காலமானார். சம்பளமில்லாமல் வேலை செய்யச் சொல்லி இதை நான் எழுதவில்லை. நமது பிள்ளைகளுக்குச் சம்பளம் வேண்டும். அந்த வேலை ஒரு பெண்ணின் மதிப்பைக் குறைக்காது என்பதற்காகவே சொல்கிறேன்.

டாக்டரும் தாதியும் மட்டும் புற்றுநோய் ஆஸ்பத்திரியை நடத்துவதில்லை. இரத்தமும் சதையும் பரிசோதிக்க ஆய்வுகூடத்தில் ஆட்கள் வேண்டும். மருந்து கலக்க மருந்தாளர் வேண்டும். கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தாதி, மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஆகிய வேலைகளுக்கு அதற்கென்றே உள்ள படிப்பும் உரிய சபையில் பதிவும் வேண்டும். பொதுவான உயிரியல் பட்டம் அதற்குப் போதாது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் தங்கைமார் பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களின் இணை சுகாதாரப் படிப்புகளையும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தாதியர் பட்டத்தையும் இப்போதே மனதில் வையுங்கள். பௌதிகவியல் பட்டதாரிகள் பேராதனையில் மருத்துவப் பௌதிகவியல் முதுமாணி படிக்கலாம். கொடுக்க வேண்டிய கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடுவது அவர்களுடைய வேலை. மற்றப் பட்டதாரிகளுக்கு விபரப் பதிவு, உளவளத்துணை, கணக்கு, நிருவாகம் என்று வாசல்கள் இருக்கின்றன.

இனி என் சாச்சியின் கதை. மார்பில் கட்டி இருப்பதை எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் மறைத்தார். ஆண் டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்ற வெட்கம். கடைசியில் தூரத்து நகரமொன்றின் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் இருவருக்கும் சிங்களம் தெரியாது. பதிவு மேசையில் இருந்த இளம் பெண் தமிழில், "பயப்படாதீங்க உம்மா, இருங்க" என்றாள். எந்த அறை, எந்த நாள், எதைச் சாப்பிடக் கூடாது என்று கடதாசியில் எழுதித் தந்தாள். வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் சாச்சி சொன்னார்: "இப்படி ஒரு புள்ள முந்தியே கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன்." அதற்குப் பிறகு அவர் மூன்று வருடம் எங்களோடு இருந்தார்.

சிகிச்சைக்காக மகரகமைக்கும் மட்டக்களப்புக்கும் நமது பெண்கள் போய் வருகிறார்கள். அங்கே தமிழில் பேசும் ஒரு பெண் இருப்பது பாதி மருந்து. நமது பிள்ளைகளின் தாய்மொழியும் ஒரு தகைமைதான். அதோடு சிங்களமும் கற்றுக்கொண்டால் இரண்டு பக்கத்துக்கும் பாலமாக இருப்பார்கள்.

அனுப்புவதற்கு முன் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். நியமனக் கடிதம் உண்டா? சம்பளம் எவ்வளவு? ஊழியர் சேமலாப நிதி கட்டுவார்களா? இரவு வேலை உண்டா? தங்குமிடம் எங்கே? வேலை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அந்தத் தாய் நெடுநேரம் யோசித்தார். பிறகு தறியிலிருந்த சாரனை முடித்துக் கொடுத்த காசில் இரண்டு பஸ் டிக்கெட் எடுத்து, மகளோடு தானும் கொழும்புக்குப் போய் வந்தார். முடிவு இன்னும் வரவில்லை. "கிடைச்சா அனுப்புவன்" என்கிறார்.

சகோதரிகளே, 35 வயதைத் தாண்டியும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகாதவர்கள் இந்த மாதமே உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் நாள் கேளுங்கள். வெட்கப்பட்டு என் சாச்சியைப் போல எட்டு மாதத்தை இழக்காதீர்கள்.