150 கி.மீ. வட்டம்

ஓசூரில் 2,000 ஏக்கரில் சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். ஓசூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 வரை நம் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அதனால் நமக்கும் இதில் அக்கறை உண்டு.

ஆனால், ஒரு தடை இருக்கிறது. பெங்களூரு விமான நிலையத்தைக் கட்டிய நிறுவனத்துடன் மத்திய அரசு 2004ல் ஒப்பந்தம் போட்டது. நிலையம் திறந்து 25 ஆண்டு வரை, 150 கி.மீ.க்குள் வேறு சர்வதேச விமான நிலையம் வரக்கூடாது என்பது அதில் ஒரு விதி. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. பெரும் பணம் போடுபவர்களுக்குப் பயணிகள் பிரிந்து போய்விடுவார்களோ என்ற பயம் இருக்கும் அல்லவா? நிலையம் திறந்தது 2008 மே மாதம். அப்படியானால் தடை எப்போது முடியும்? 2033ல்.

இந்த 150 கி.மீ. சாலைத் தூரம் அல்ல, வான்வழித் தூரம். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கும் நேர்க்கோடு. பெங்களூரு விமான நிலையத்திலிருந்து ஓசூர் சுமார் 50 கி.மீ., தர்மபுரி நகரம் சுமார் 130 கி.மீ. இரண்டுமே வட்டத்துக்குள்! ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையமோ சுமார் 160 கி.மீ. மயிரிழையில் வெளியே நிற்கிறது.

சரி, சேலம்தான் பக்கத்தில் இருக்கிறதே, ஓசூர் எதற்கு? கணக்குப் போடுவோம்.

சேலத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வான்வழியில் சுமார் 265 கி.மீ. இங்கே வரும் ஏ.டி.ஆர். விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்தால் அரை மணி நேரம்தான். ஆனால், கால அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போடுகிறார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், மெதுவாக மேலே ஏற வேண்டும், சென்னையில் இறங்க முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். தர்மபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கி விமான நிலையம் சேர ஒரு மணி நேரம், அங்கே காத்திருக்க ஒரு மணி நேரம். ஆக மொத்தம் மூன்று மணி. பஸ்ஸில் ஆறு மணி நேரம் ஆகும். லாபம்தான்.

வெளிநாடு போவதென்றால் கதையே வேறு. சேலத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். பெங்களூருவில் 4,000 மீட்டர். பெரிய விமானம் சேலத்தில் இறங்க முடியாது. எனவே, பெங்களூரு நகர நெரிசலை முழுக்கக் கடந்து, சாலையில் 160 கி.மீ.க்கு மேல் போகிறோம். ஓசூர் என்றால் சுமார் 90 கி.மீ. நெரிசலும் மிச்சம்.

2033 நெடுந்தூரத்தில் இல்லை. பெங்களூரு நிலையத்துக்கே ஒப்பந்தம் போட்டுத் திறக்க நாலு வருடம் பிடித்தது. ஓசூர்ப் பக்கம் ரோஜாவும் காய்கறியும் விளைகிற பூமி. 2,000 ஏக்கர் எடுப்பதென்றால், நிலம் கொடுப்பவர்களிடம் பேசித் தீர்க்கவே நாளாகும். என்னைக் கேட்டால், முதல் வேலை அதுதான்.

இப்போது அட்லஸை எடுங்கள். பெங்களூரு விமான நிலையத்தில் காம்பஸ் முள்ளை ஊன்றி, அளவுத்திட்டப்படி 150 கி.மீ.க்கு வட்டம் போடுங்கள். நம் அரூர் கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? பென்சிலை நன்றாகச் சீவிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சிக்கலான ஊர் அது!