நெடி அடிச்சா சுத்தமா?

திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலில் வைகாசித் தேர் என்றால், தெருவின் இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடர் கோடு விழுந்துவிடும். அந்த நெடி மூக்கில் ஏறினால்தான் ‘சுத்தம் பண்ணிட்டாங்க’ என்று நமக்குத் திருப்தி. நம் ஊர்களில் அதை வெறுங்கையால் தூவிக்கொண்டு போகிறவர், பெரும்பாலும் முகத்தில் ஒரு துண்டுதான் கட்டியிருப்பார். துண்டு தூசியைக் கொஞ்சம் தடுக்கும். குளோரின் வாயுவைத் தடுக்காது.

வயலில் பூச்சிக்கொல்லி வேண்டாம் என்று சொன்ன உழவர்கள் நாம். தெளிப்பானைத் தோளில் மாட்டியவன் மூச்சுதான் முதலில் கெடும் என்று நமக்குத் தெரியும். தூய்மைப் பணியாளருக்கும் அதே கணக்குதானே?

அமெரிக்காவில் 73,262 பெண் செவிலியர்களைக் கவனித்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. வாரந்தோறும் கிருமிநாசினி கொண்டு துடைத்தவர்களுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரும் வாய்ப்பு 25 முதல் 38 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தது. மருத்துவமனைக்குள்ளேயே அந்த நிலை.

2020-இல் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களால் கடலூர் மாவட்டத்தில் கொரோனா கூடியது நினைவிருக்கும். அப்போது தெருத்தெருவாக ஹைப்போகுளோரைட் அடித்தார்கள். ஆள்மேல் அடிக்கக் கூடாது என்று ஏப்ரலிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லிவிட்டது. தெருவில் தெளிப்பதும் பயன் தராது, மண்ணும் அழுக்கும் மருந்தின் வேகத்தை முறித்துவிடும் என்று மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. கிருமி சாகவில்லை, தெளித்தவர் நெஞ்சுதான் எரிந்தது.

நம் வீட்டுக்கும் வருவோம். மாட்டுக் கொட்டகையில் கோமியம் தேங்கிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடுகிறோம். கோமியத்தில் உள்ள அம்மோனியாவோடு அது சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு கிளம்பும். கழிவறையில் ஆசிட் ஊற்றிய இடத்தில் அதைப் போட்டால் குளோரின் வாயுவே வரும். இருமலும் மூச்சிரைப்பும் கழுவுகிற பெண்ணுக்கு. அந்தக் கோமியம் ஜீவாமிர்தத்துக்கும் ஆகாது. நுண்ணுயிரைக் கொல்லும் பொடியைக் கலந்துவிட்டு நுண்ணுயிரை எப்படிப் பெருக்குவது?

குடிநீர்த் தொட்டிக்குக் குளோரின் வேண்டும், அளவோடு. அதை நான் மறுக்கவில்லை. கொட்டகைக்குச் சரிவான தரை, அன்றாடம் சாணம் அள்ளுவது, வெயில், சுவருக்குச் சுண்ணாம்பு போதும். தெருவுக்குக் குப்பை அள்ளுவதும் சாக்கடை ஓடுவதும் போதும். மருந்து போட்டே தீர வேண்டிய இடத்தில் கையுறை, கண்ணாடி, வாயுவைத் தடுக்கும் முகமூடி கொடுங்கள். ஆசிட்டோடு சேர்க்காதீர்கள்.

திலகவதியார் துடைப்பமும் சாணமும் கொண்டு கூட்டி மெழுகிய கோயில் இது. தம்பி அப்பர் கையில் ஏந்தியது உழவாரப்படை. சுத்தம் செய்வதைத் தொண்டாக மதித்த ஊரில், சுத்தம் செய்கிறவர் மூச்சை நாம் மதிக்க வேண்டாமா? அடுத்த கிராம சபையில் ‘பவுடர் போட்டாச்சா?’ என்று கேட்காதீர்கள். ‘போடுகிறவருக்கு முகமூடி கொடுத்தாச்சா?’ என்று கேளுங்கள்.