இரும்பு விலைக்குப் போகும் தமிழ் விசைகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ராயவரம், அரிமளம், கோனாபட்டு போன்ற செட்டிநாட்டு ஊர்களில் ஒரு பழைய வீடு இடிபட்டால் அதன் தேக்குத் தூணும் பர்மா மரப்பெட்டியும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய்ச் சேரும். அவற்றின் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். கூடவே ஒரு பழைய தட்டச்சுப் பொறி வந்தால்? பளபளப்பாக இருந்தால் ஷோகேஸுக்கு, துருப்பிடித்திருந்தால் எடைக்கு!

பழைய ஜெர்மன் தட்டச்சுகளைச் சேகரிப்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் பலர் பார்ப்பது முன்பக்கத்துப் பெயரைத்தான். அட்லரா, ஒலிம்பியாவா, கான்டினென்டலா? பெயர் தெரிந்ததும் விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். விசையில் இருப்பது என்ன எழுத்து என்று பார்ப்பதில்லை. கோளாறே அங்கேதான் இருக்கிறது.

தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று போற்றப்படும் ஆர். முத்தையா 1886-ல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். பிழைப்புக்காக மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார். 247 எழுத்துகளை ஒரு சிறிய பலகைக்குள் எப்படி அடக்குவது? பொதுவான குறிகளைத் தனித்தனி விசைகளாகப் பிரித்தார். புள்ளி, இகரக் குறி போன்றவற்றுக்கு நகரா விசை வைத்தார். அதை அடித்தால் தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் விழும். முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பொறியைச் செய்து கொடுத்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்ட் நௌமான் நிறுவனம். தையல் மெஷினும் சைக்கிளும் செய்த அதே கம்பெனி!

அந்தக் கம்பெனியின் கையடக்கப் பொறி 1910-ல் 'எரிகா' என்ற பெயரில் வந்தது. ஏற்றுமதியில் அதன் பெயர் 'பிஜோ'. இது தெரியாதவர் பிஜோ என்ற பெயரைப் பார்த்து பிரெஞ்சுப் பொறி என்று எழுதி வைப்பார். எஸ்ட்ஸெட் விசையும் புள்ளியிட்ட உயிரெழுத்துகளும் இருந்தால்தான் ஜெர்மன் பொறி என்று நினைப்பவரும் ஏமாறுவார். ஏற்றுமதிப் பொறிக்கு வாங்கும் நாட்டின் எழுத்துதானே பொருத்துவார்கள்? பெயரை மட்டும் நம்பாமல் உடற்சட்டத்தில் வரிசை எண்ணைத் தேட வேண்டும், ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும், ஒவ்வொரு விசையையும் ஒரு தாளில் அடித்துப் பார்க்க வேண்டும். புதுப் பெயின்ட் அடிப்பதும் பழைய எழுத்துக் கட்டையை மாற்றுவதும் சாட்சியை அழிப்பதற்குச் சமம். விசைகளை வெட்டி மோதிரமும் கம்மலும் செய்கிற நாகரிகத்தை என்னவென்று சொல்வது!

வெளிநாட்டுச் சந்தையில் நாஜிகளின் எஸ்.எஸ். குறி பொறித்த விசை இருந்தால் பொறிக்குக் கூடுதல் விலை. கொலைகாரப் படையின் சின்னத்துக்கு மதிப்பு உண்டு. ஒரு மொழியை இயந்திரத்தில் ஏற்றிய விசைக்கு மதிப்பு இல்லையா?

"கம்ப்யூட்டர் காலத்தில் இது எதற்கு?" என்று கேட்பார்கள். கம்ப்யூட்டரில் தமிழ் வந்தபோது தட்டச்சு விசை வரிசையும் கூடவே வந்தது. அதில் பழகிய விரல்கள் இன்றும் அரசு அலுவலகங்களில் இருக்கின்றன. வேரைத் தூக்கி எறிந்துவிட்டு மரத்தைப் பற்றிப் பெருமை பேச முடியாது.

புதுக்கோட்டைக்குச் சேகரிப்பு ஒன்றும் புதிதல்ல. திருக்கோகர்ணத்தில் 1910 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது. தமிழ் நூல்களின் முதல் பதிப்புகளைத் தேடிச் சேர்த்த ஞானாலயாவும் இந்த ஊரில்தான். புத்தகத்தின் முதல் பதிப்பைக் காப்பாற்றத் தெரிந்த ஊருக்கு, எழுத்தை அடித்த பொறியைக் காப்பாற்றத் தெரியாதா? பரணில் கிடப்பதை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரே ஒரு முறை தூசியைத் துடைத்து விசைகளைப் பாருங்கள். 'அ' இருந்தால், அது இரும்பு அல்ல!