பூவைப் பாருங்கள், விலையையும் கேளுங்கள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஆய்க்குடி, சாம்பவர்வடகரை, சுந்தரபாண்டியபுரம் சாலைகளில் கேரளப் பதிவெண் கார்கள் வரிசை கட்டும். அருவியில் குளித்த கையோடு சூரியகாந்தி வயலில் நின்று படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள். வரட்டும். வயல்காரர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து விடுக்கும் இந்த வேண்டுகோள் யாரையும் தடுக்க அல்ல. பூவைப் பார்க்க வரும் கண்கள், அது முற்றிக் காய்ந்து மூட்டையாகும்போதும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

சூரியகாந்தி அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அழகுக்காக வளர்ந்த அந்தச் செடியைப் பெரிய எண்ணெய்ப் பயிராக்கியவர்கள் ரஷ்யர்கள். 1960களின் இறுதியில் சோவியத் ரகங்கள் வந்த பிறகே இந்தியாவில் சாகுபடி சூடுபிடித்தது.

வெளிநாட்டுப் பயிர் இந்த மலையடிவாரத்துக்குப் புதிதும் அல்ல. ஜாதிக்காயும் கிராம்பும் விளைந்த மொலுக்கஸ் தீவுகளை டச்சுக்காரர்கள் பொத்திப் பொத்திக் காத்தார்கள். 1796-ல் ஆங்கிலேயர் அத்தீவுகளைப் பிடித்தனர். அடுத்த சில ஆண்டுகளிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டங்கள் போட்டது. ஐரோப்பாவில் மூண்ட போரும் கம்பெனியின் லாபக் கணக்கும் சேர்ந்து குற்றாலத்து மண்ணில் எதை நடுவது என்று முடிவு செய்தன. உலகமயம் 1991-ல்தான் பிறந்தது என்று பேசுகிறவர்கள் ஒருமுறை குற்றாலம் வந்துபோகலாம்!

இன்று போர் கருங்கடலில். உலகச் சந்தைக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் உக்ரைனும் ரஷ்யாவும் அனுப்புவது. 2022 பிப்ரவரியில் அங்கே துறைமுகங்கள் மூடப்பட்டதும் இங்கே மளிகைக் கடையில் பாக்கெட் எண்ணெய் விலை எகிறியது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஆனால் எல்லாப் பழியையும் கடல்மேல் போட முடியாது. 1986-ல் மத்திய அரசு எண்ணெய் வித்துக்களுக்கென ஒரு தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் நாடு சமையல் எண்ணெயில் ஏறக்குறைய தன்னிறைவு கண்டது. 1994-லிருந்து இறக்குமதிக் கதவு படிப்படியாகத் திறந்தது; இன்று தேவையில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. உலக வர்த்தக அமைப்பு கையைக் கட்டிவிட்டது என்ற சமாதானமும் இங்கே செல்லாது. சோயா எண்ணெய்க்கு 45 சதவீதம்தான் உச்சவரம்பு என்றாலும், சூரியகாந்தி எண்ணெய்க்கு 300 சதவீதம் வரை வரி போட இந்தியாவுக்கு இடம் உண்டு. கச்சா சமையல் எண்ணெய்க்கான அடிப்படைச் சுங்க வரியை டெல்லி 2024 செப்டம்பரில் 20 சதவீதமாக்கியது. 2025 மே இறுதியில் 10 ஆகக் குறைத்தது. வாங்குகிறவருக்கு அது நிம்மதி. விதைக்கப்போகிறவருக்கோ, கணக்குப் போட்டு முடிப்பதற்குள் கணக்கே மாறிவிடுகிறது.

சூரியகாந்தி விதைக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2025–26-க்குக் குவிண்டாலுக்கு 7,721 ரூபாய். விலை காகிதத்தில் இருந்தால் போதாது, வாங்க ஆள் வேண்டும். கொப்பரையை ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஆதரவு விலைக்கு எடுப்பதுபோல, அறுவடைக் காலத்தில் சூரியகாந்திக்கும் இந்த வட்டாரத்தில் கொள்முதல் நிலையம் திறக்க வேண்டும். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கலாம். பயிர் செய்தவர்கள் மட்டுமல்ல, எண்ணெய் வாங்குகிறவர்களும் கையெழுத்துப் போட்டால் மனுவுக்குக் கனம் கூடும். சாகுபடி செய்தவர்கள் அடங்கலில் பயிர் சரியாக ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. கொள்முதல் வந்தால் முதலில் கேட்கும் காகிதம் அதுதான்.

படம் எடுக்க வருகிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இங்கே பயிராகும் ஒட்டுரகத்தில் ஒரு செடிக்கு ஒரே பூ. தலையில் சூட ஒன்றைக் கிள்ளினால், சுமார் மூன்று மாதம் வளர்த்த அந்தச் செடியின் மகசூல் அத்தோடு சரி. வரப்பில் நின்று எடுங்கள். உள்ளே இறங்க வேண்டுமானால் வயல்காரரிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்லும் சிறு தொகையைக் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.